ஐந்து வாரம் பிந்திய நாடகம்

லீமா
10 அக்டோபர் 1971

அன்புள்ள எர்மெலிந்தா அக்காவுக்கு,

நெலிதா எழுதிக்கொள்வது. தேவமாதா கிருபையில் இங்கே நான் சுகம். நீயும் என் மகள் சொய்லாவும் சுகமாக இருக்கிறீர்களா? உன் முழங்கால் வலி எப்படி? தையல் மெஷினை ஒரே காலால் மிதிக்காதே என்று போன தடவையே எழுதினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

டி.வி. பெட்டி ஒன்றைப் படகில் அனுப்பியிருக்கிறேன். 'மரீனாவின் வீடு' என்ற மதிய நாடகத்தில் எனக்குப் பெரிய வேடம் கிடைத்திருக்கிறது. தினம் ஒரு மணிக்கு. பெரிய வேடம் என்றதும் நல்லவள் என்று நினைத்துவிடாதே. எல்வீரா என்று ஒருத்தி. பெற்ற பிள்ளையைத் துணி வெளுக்கும் மரீனாவிடம் விட்டுவிட்டு ஓடிப்போய், பணக்காரியாகத் திரும்பி வந்து, என் பிள்ளையைக் கொடு என்று நிற்கிறவள். எனக்குக் கறுப்புத் தொப்பி, அதில் ஒரு இறகு, பாம்புப் பச்சையில் ஒரு பட்டுக் கவுன். உங்கள் பெட்டியில் எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதனால் பச்சை என்று எழுதி வைக்கிறேன்.

நாடு முழுக்க மரீனாவுக்காக அழுகிறது. என்னைக் கண்டால் பல்லைக் கடிக்கிறது. நேற்று மீன் கடையில் ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெத்த புள்ளைய விட்டுட்டு ஓடினவளுக்கு இங்க மீனு கெடையாது, நடையக் கட்டு" என்றாள்.

"அம்மா, அது நாடகம். என் பேரு நெலிதா" என்றேன்.

"பேர மாத்திக்கிட்டா மூஞ்சி மாறிடுமா?"

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து முட்டை பொரித்துத் தின்றேன். நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முக்கியமான சேதி இனிமேல்தான். இரண்டு அறை வீடு பார்த்துவிட்டேன். பக்கத்திலேயே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம். ஏப்ரலில் பள்ளி திறக்கும்போது சொய்லாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். மூன்று வயதில் உன்னிடம் விட்டேன், இப்போது ஏழு. நீ செய்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும். "அம்மா ஏப்ரல்ல வருவா" என்று தினமும் அவளிடம் சொல்லி வை.

அவள் கன்னத்தில் அவள் அம்மாவின் முத்தம்.

உன் தங்கை
நெலிதா

*

புவெர்தோ சலாஸ்
2 நவம்பர் 1971

அன்புத் தங்கை நெலிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இன்று கல்லறைத் திருநாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது.

பெட்டி சேதமில்லாமல் வந்தது. நம் தெருவுக்கே அது ஒன்றுதான். மணி பன்னிரண்டே முக்காலுக்கே பெண்கள் ஆளுக்கொரு முக்காலியோடு வந்துவிடுகிறார்கள். பெத்ரோனிலா எப்போதும் முன்வரிசை, இலையில் கட்டிய சோறு விற்கிறாளே, அடுத்த வீட்டுக்காரி, அவளேதான். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இரண்டு மணி வரை வியாபாரம் கிடையாது.

நாங்கள் பார்ப்பது உங்கள் ஊரில் ஐந்து வாரத்துக்கு முன் ஓடியது. டேப்புகள் லீமாவில் ஓடி, அரெகிப்பா போய், பியூரா போய், கடைசியில்தான் விமானமும் படகும் ஏறி நம் நிலையத்துக்கு வருகின்றனவாம். நீ அங்கே செய்கிற பாவத்துக்கு இங்கே ஐந்து வாரம் கழித்துத் திட்டு விழுகிறது.

முதல் நாள் எல்லோருக்கும் பெருமை. "நம்ம நெலி, எப்படி இருக்கா பாரு" என்றார்கள். ஒரு வாரம் போனதும் பெத்ரோனிலா என் பக்கம் திரும்பி, "எர்மெ, உன் தங்கச்சி நடிக்கிறாளா, இல்ல சொந்தக் கதையச் சொல்றாளா?" என்று கேட்டாள்.

"எழுதிக் குடுத்தத சொல்றா."

"அப்ப எழுதினவனுக்கு யாரு சொன்னா?"

இப்போதெல்லாம் நீ திரையில் வந்ததும் தரையில் துப்புகிறார்கள். என் வீட்டுத் தரை. இரண்டு மணிக்கு மேல் நான்தான் துடைக்கிறேன். சொய்லா எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மழை தொடங்கிவிட்டது, ஆறு ஏறுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
எர்மெலிந்தா

*

லீமா
20 நவம்பர் 1971

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மழையைப் பற்றி இருக்கிறது, ஆற்றைப் பற்றி இருக்கிறது. ஏப்ரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாயா?

இங்கே விளையாட்டு முற்றிவிட்டது. போன வாரம் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். நகையும் பவிசுமாக நல்ல குடும்பத்துப் பெண். "மரீனா அழுறது உனக்குக் கேக்கலயா?" என்று காதோடு கேட்டாள். அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கிவிட்டேன். இப்போது தலையில் துணி கட்டாமல் வெளியே போவதில்லை. நிலையத்துக்கு ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. 'பிள்ளையைத் தொட்ட கை பிள்ளையைத் தொட்டதாகவே இருக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததால்தான் கூடுதலாகப் பயமாக இருக்கிறது.

இன்று மரீனாவின் மடியிலிருந்து பையனைப் பிடுங்கும் காட்சியை எடுத்தோம். அவன் ஐந்து வயதுப் பிள்ளை. நிஜமாகவே அலறினான். நிறுத்தச் சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. வசனத்தை முடித்துவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அது இங்கே வருகிற வெள்ளிக்கிழமை ஓடும். ஐந்து வாரம் கூட்டிக்கொண்டால் உங்களுக்கு வருஷத்தின் கடைசி நாள். அன்றைக்கு சொய்லாவைப் பெட்டிப் பக்கம் விடாதே. அடுப்படியில் வைத்துக்கொள், ஆற்றங்கரைக்கு அனுப்பு, எதையாவது சொல். ஏப்ரலுக்கும் ஒரு பதில் எழுது.

நெலிதா

*

புவெர்தோ சலாஸ்
8 ஜனவரி 1972

அன்புள்ள நெலி,

புது வருஷத்தில் கர்த்தர் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல வேடத்தையும் கொடுக்கட்டும். நாங்கள் சுகமே.

நீ சொன்னபடியே அந்த வெள்ளிக்கிழமை குழந்தையைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். வாழைக்காய் சீவச் சொன்னேன். பெட்டி ரிப்பேர் என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அனுப்பியிருந்தால் கதவைப் பெயர்த்திருப்பார்கள்.

ஒரே அழுகை. பெத்ரோனிலாவுக்கு மூச்சடைத்துவிட்டது, விசிறினோம். மறுநாள் அவள் தலைமையில் பெண்கள் கோயிலுக்குப் போய் மரீனாவுக்காக நவநாள் ஜெபம் தொடங்கினார்கள். சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இல்லாத பொம்பளைக்கு ஒம்பது நாள் ஜெபமா?" என்றார். "இல்லாதவளா இருந்தா சாமி, நாங்க ஏன் அழுறோம்?" என்று பெத்ரோனிலா கேட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. அவர் போய்விட்டார், ஜெபம் நடந்தது.

குழந்தை படுக்கும்போது மட்டும் கொஞ்சம் தொந்தரவு. தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். ஒரு ரிப்பனை எடுத்து அவள் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினால்தான் கண்ணை மூடுகிறாள். நேற்றுக்கூட, "அம்மா, எல்வீரா படகுல வருவாளா, விமானத்துலயா?" என்று கேட்டாள். எதில் வந்தாலும் நாய் குரைக்கும் என்று சொல்லித் தூங்க வைத்தேன்.

மற்றபடி விசேஷம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய துணி அளவு சரியாக இருந்தது.

எர்மெலிந்தா

*

லீமா
19 ஜனவரி 1972

அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தில் சொய்லா கேட்டதாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய். அதன் முதல் வார்த்தை 'அம்மா'. உன்னைத்தானே கேட்டாள்? அவள் உன்னைப் பெரியம்மா என்றுதானே கூப்பிடுவாள்? கை தவறி எழுதினாயா, அவள் வாய் தவறிச் சொன்னாளா? இதற்கு மட்டும் சுற்றிவளைக்காமல் பதில் எழுது.

அந்தக் காட்சியை அவள் பார்த்திருக்கிறாள். பார்க்காத பிள்ளை எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தினமும் அவளிடம் சொல், எல்வீரா என்று யாரும் இல்லை, அது அம்மா போட்ட வேஷம் என்று. தொப்பி இல்லாமல், சாயம் இல்லாமல் ஒரு படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவள் தலைமாட்டில் ஒட்டி வை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. கதை எழுதுகிறவரிடம் போய் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலில் விழாத குறை. "சார், என்னால தெருவுல நடக்க முடியல. எல்வீராவ திருத்திடுங்க" என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த மாதம் எல்வீரா மனம் மாறுவாள் என்றார். மரீனா முன் மண்டியிட்டுப் பையனைத் திருப்பிக் கொடுப்பாளாம். ஜனங்கள் அழுது மன்னிப்பார்களாம். அதற்குப் பிறகு நம் ஊருக்கு வர எனக்குப் பயம் இருக்காது.

பதில் போடு.

நெலிதா

*

லீமா
10 பிப்ரவரி 1972

அக்கா,

நீங்கள் இருவரும் சுகம்தானா? மூன்று வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தெருவைக் கடந்து போகிறார். அவருக்கும் எல்வீராவைப் பிடிக்கவில்லையோ, கடிதம் இல்லை என்று சொல்லச் சங்கடமோ தெரியவில்லை.

காய்ச்சல் எதுவும் இல்லையே? ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டதா? எதுவானாலும் எழுது. எழுதாமல் இருக்கிறதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நெலிதா

*

புவெர்தோ சலாஸ்
20 பிப்ரவரி 1972

நெலிக்கு,

சுகம். இரண்டு பேரும் சுகம், முதலில் அதைப் படித்துக்கொள்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஜனவரி இரண்டாம் தேதி குழந்தை பள்ளித்தோழிகளோடு துறைக்குப் போனபோது பையன்கள் வழிமறித்து, "எல்வீரா பொண்ணு, எல்வீரா பொண்ணு" என்று கல் விட்டார்கள். புருவத்தில் பட்டது. இரண்டு தையல். கண் தப்பியது தேவமாதா புண்ணியம். நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை.

மறுநாள் பெத்ரோனிலா இவளை வாசலில் நிறுத்தி, "உன் அம்மா யாருடி? சத்தமா சொல்லு" என்றாள். தெருவே நின்று கேட்டது. இவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை நெலி, சத்தியமாகச் சொல்கிறேன். இவளாகவே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதான்" என்றாள். அன்றிலிருந்து கல் விழவில்லை. அன்றிலிருந்துதான் அப்படிக் கூப்பிடுகிறாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளை எப்படித் தெருவில் அனுப்புவது?

நீ அனுப்பிய படத்தை ஒட்டினேன். பார்த்ததும் அழுதாள். மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

எனக்கும் பயம்தான். என்ன பயம் என்று என்னைக் கேட்காதே.

எர்மெலிந்தா

*

லீமா
1 மார்ச் 1972

என் அருமை அக்காவுக்கு,

இங்கே பூரண சுகம். உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன். அந்தப் புருவத்தை நான் தொட்டுப் பார்க்க வேண்டும். கல் விட்டவர்களை எதுவும் சொல்ல மாட்டேன், பெத்ரோனிலாவையும் சொல்ல மாட்டேன். ஏனென்றால் எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, எல்வீரா மண்டியிட்டாள். மரீனா கையில் பையனின் கையை வைத்து, "பெத்தவ நான், வளர்த்தவ நீ, மரீனா. யாரு கையில இவன் கை நடுங்கலையோ அவதான் இவனுக்குத் தாய்" என்றேன். படம் பிடிக்கிறவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் மீன் கடைக்கு வேண்டுமென்றே போனேன். அந்த அம்மாள் கடையை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். "இன்னைக்குத்தான் நீ பொம்பள" என்றாள். நல்ல மீனாகப் பொறுக்கித் தந்தாள். தலையில் துணி இல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

கணக்குப் போட்டுவிட்டேன். இருபத்தொன்றோடு ஐந்து வாரம் கூட்டினால் மார்ச் இருபத்தேழு. அன்றைக்கு நம் ஊர் பார்த்துவிடும். ஐந்து நாள் அழுது தீர்க்கட்டும். ஏப்ரல் முதல் தேதி சனிக்கிழமை மதியப் படகில் நான் வந்து இறங்குவேன். மறுநாள் உயிர்த்த ஞாயிறு, மூன்று பேரும் சேர்ந்து பூசைக்குப் போகலாம். திங்கட்கிழமை சொய்லாவோடு திரும்பிவிடுவேன். பள்ளியில் இடம் சொல்லியாகிவிட்டது.

நீயும் கூட வந்து ஒரு மாதம் இரு. இல்லை, எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு.

உன் நெலி

*

புவெர்தோ சலாஸ்
14 மார்ச் 1972

நெலிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

வா. வராதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. பெற்றவள் நீ.

லீமாவுக்கு என்னால் வர முடியாது. மெஷினை யாரிடம் விடுவது? ஈஸ்டருக்கு ஊர்ப்பெண்கள் ஒரு தையல் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதையும் முடித்தாக வேண்டும். சொய்லாவுக்கும் ஒரு வெள்ளைக் கவுன் வெட்டி வைத்திருக்கிறேன். வளர்ந்துவிட்டாள், போன வருஷத்து அளவு எதுவும் உதவவில்லை.

எர்மெலிந்தா

*

புகால்பா
3 ஏப்ரல் 1972

அக்காவுக்கு,

லீமா விமானத்துக்காகக் காத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை நீ கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படகு துறையில் ஒதுங்கியது. என் கையில் சொய்லாவுக்கு வாங்கிய செருப்புப் பெட்டி. சதுக்கத்தைக் கடக்கும்போது மரத்தில் யூதாஸ் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் நாமும் அதற்கு வைக்கோல் திணித்திருக்கிறோம். வட்டிக்காரன், ஆற்றுமணலைத் தின்ற அதிகாரி என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஊர் யாரை வெறுக்கிறதோ அவன் மூஞ்சியை மாட்டிக் கொளுத்துவார்கள். இந்த வருஷம் யார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

கறுப்புத் தொப்பி. இறகு. பாம்புப் பச்சையில் கவுன்.

அக்கா, நம் ஊர்ப் பெட்டியில் அந்தக் கவுன் சாம்பல் நிறம். அது பச்சை என்று ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

திரும்பிப் படகுக்கு ஓடியிருக்கலாம். கால் உன் வீட்டுக்குத்தான் போனது. எதிரே வந்த ஒருத்தி கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். பின்னால் முக்காலி நகரும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலை அடைந்தபோது என் பின்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள்.

நீ கதவைத் திறந்தாய். சொய்லா உனக்குப் பின்னால் நின்றாள். வெள்ளைக் கவுன், புருவத்தில் தழும்பு. நான்கு வருஷமாக அந்த முகத்தைத்தான் நான் கனவில் வளர்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் தையல் மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டு அலறினாள். "அம்மா, கதவ மூடு, எல்வீரா வந்துட்டா, எல்வீரா வந்துட்டா."

பெத்ரோனிலா என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பொம்மைக்கு ஊற்ற வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் புட்டி அவள் கையிலேயே இருந்தது. "புள்ளைய ஒரு விரலால தொட்டுப் பாரு" என்றாள்.

"பெத்ரோனிலா அக்கா, நான் மன்னிப்புக் கேட்டாச்சே. திங்கக்கெழம நீங்க பாக்கலயா?"

"எந்தத் திங்கக்கெழம? போன வெள்ளிக்கெழம புள்ளைய மாடியில வச்சுப் பூட்டினியே, அதத்தான் பாத்தோம். அதுக்கப்புறம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். பெட்டியில சிலுவப்பாடு தவிர வேற என்ன போடுவான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரிய வாரத்தில் நாடகம் நிற்கும் என்பது என் புத்தியில் ஏறவில்லை. உனக்குத் தெரியும். நான் உன்னைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்தாய்.

நான் தரையில் ஊர்ந்து போய் சொய்லாவின் கையைப் பிடித்தேன். அந்தக் கை நடுங்கியது. கவுன் நனைந்திருந்தது, அக்கா. பயத்தில் நனைந்திருந்தது. வாசலில் அத்தனை பேர், புட்டியின் மூடி திறந்து வாசனை அடிக்கிறது, என் பிள்ளை என்னைப் பார்த்து நனைகிறாள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அவளை வெளியே அழைத்து வந்து, உன் முன்னால் மண்டியிட்டு, அவள் கையை எடுத்து உன் கையில் வைத்தேன். "பெத்தவ நான், வளர்த்தவ நீ" என்று தொடங்கி ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். மரீனா என்று வர வேண்டிய இடத்தில் எர்மெலிந்தா என்றேன், இவன் என்பதை இவள் என்றேன். அவ்வளவுதான் மாற்றம்.

முப்பது பேரும் அழுதார்கள். பெத்ரோனிலா புட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறை வரைக்கும் அவளே வந்தாள். இரண்டு சோற்றுப் பொட்டலம் தந்து, "நல்லாயிரு தாயி" என்று படகைத் தள்ளிவிட்டாள். சொய்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்லியிருந்தால் நாடகம் கலைந்திருக்கும்.

அக்கா, அது நடிப்பு. உயிரோடு வெளியே வரவும் அவள் அலறலை நிறுத்தவும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்கு அது தெரியும் என்று தெரியும். இருந்தும் எழுத்தில் இருக்கட்டும். பள்ளியில் மே முதல் வாரம் வரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீயே அவளைப் புகால்பா வரைக்கும் அழைத்து வந்தால் போதும். ஊருக்கு நான் வரவில்லை. தேதி மட்டும் எழுது.

நெலிதா

*

புவெர்தோ சலாஸ்
26 ஏப்ரல் 1972

அன்புத் தங்கை நெலிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். ஆறு வடிந்துவிட்டது.

பெரிய வாரத்தில் டேப் வராது என்று உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுதவில்லை. மறதி இல்லை. பொம்மைக்குக் கவுன் தைத்ததும் நான்தான். தைக்க மாட்டேன் என்றால் என் கதவுக்கு வருவார்கள் என்று பயந்தேன் என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை. மற்ற பாதியை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

நீ போன மறுநாள் பொம்மையைக் கொளுத்தவில்லை. பெத்ரோனிலாவே ஏறிக் கயிற்றை அறுத்தாள். திங்கட்கிழமை எல்வீரா மண்டியிடும் காட்சி பெட்டியில் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் பெரிதாக அழுகை வரவில்லை. "இது சும்மா நடிப்பு. நம்ம எர்மெ வீட்டுல பாத்தோமே, அதுல்ல அசல்" என்று பெத்ரோனிலா சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

தெருவில் இப்போது யாரும் குழந்தையை ஒன்றும் சொல்வதில்லை. கையில் ரிப்பன் கட்டாமல் தூங்குகிறாள். ராத்திரி ஒரு தடவைகூட எழுந்திருப்பதில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேதி கேட்டிருக்கிறாய். அது நடிப்பு என்றும் எழுதியிருக்கிறாய். இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே நீ அதில் கெட்டிக்காரி. ஆனால் நெலி, நீ அவள் கையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தபோது, வாங்கிக்கொண்ட நான் நடிக்கவில்லை.

இந்தத் தாளில் அவளும் நாலு வரி எழுதுகிறேன் என்கிறாள். எழுதட்டும். நான் எதுவும் சொல்லித் தரவில்லை.

எர்மெலிந்தா

அன்புள்ள நெலிதா சித்திக்கு,

சொய்லா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமா? செருப்பு சரியாக இருக்கிறது. நீங்கள் நல்லவளாக மாறிவிட்டீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது எனக்கு உங்களைப் பார்த்தால் பயம் இல்லை. லீவுக்கு வாருங்கள்.

சொய்லா